மூச்சோடு போகும் ஈரமும் சூடும்

போன தை மாதம். மயிலம் மலையடிவாரத்தில் இருக்கும் என் வைத்தியசாலையை அப்போதுதான் திறந்து சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு அம்மா தன் மகனைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்து வந்தார்.

"அய்யா, இவனுக்கு நெஞ்சுல சளி கட்டிக்கிச்சுங்க. நல்ல கஷாயமா குடுங்க. போலீஸ் செலக்‌ஷனுக்குன்னு தினம் விடிகாலையில ஓடுறான். வந்து உக்காந்தா போதும், இருமல்... இருமல்... நிக்கவே மாட்டேங்குது!"

பையனுக்கு வயது இருபது இருக்கும். நாக்கு, நாடி, நெஞ்சு எல்லாம் பார்த்தேன். சளி என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. "ஓடும்போது இருமல் வருதா தம்பி?" என்று கேட்டேன்.

"ஓடுறப்ப ஒண்ணும் தெரியலீங்கய்யா. ஓடி முடிச்சு நின்ன பிறகுதான். அஞ்சு நிமிஷம் கழிச்சு நெஞ்சைக் கவ்வுற மாதிரி ஆகுது. ஒரு மணி நேரத்துல தானா சரியாயிடும்."

அந்த "நின்ன பிறகுதான்" என்ற ஒரு வார்த்தையில்தான் நோயின் முகவரியே இருக்கிறது. அது எனக்குத் தெரிவதற்கு முன்னால் நான் ஒரு தப்பு செய்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் இதே மாதிரி ஒரு பள்ளிக்கூடப் பையன் வந்தான். நன்றாக ஓடுபவன். "கப உடம்பு, ஓட்டமெல்லாம் உனக்கு ஆகாது" என்று சொல்லி, சூரணம் கொடுத்து அனுப்பி விட்டேன். அவன் ஓடுவதையே நிறுத்தி விட்டான். அவனுக்குத் தேவைப்பட்டது வேறு மருந்து, வேறு புத்திமதி. இன்றைக்கும் அது என் மனதில் உறுத்துகிற விஷயம்.

எனவே இந்த மாதம் கஷாயத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்து விட்டு, மூச்சுக் காற்றைப் பற்றிப் பேசுவோம். மூச்சு விட்டால் காற்று மட்டுமா போகிறது? தண்ணீரும் போகிறது, சூடும் போகிறது. எவ்வளவு?

21,600 மூச்சு

பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்த நாளில் நாங்கள் மனப்பாடம் செய்த கணக்கு, மனிதனுக்கு ஒரு நாளைக்கு 21,600 சுவாசம் என்பது. சிதம்பரம் பொன்னம்பலத்தின் கூரையில் 21,600 பொன் ஓடுகள் என்று சொல்வதும் இந்தக் கணக்கை வைத்துத்தான். வகுத்துப் பாருங்கள், நிமிடத்துக்கு 15 வருகிறது. இன்றைய டாக்டர்களும், ஓய்வாக இருக்கும் பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 18 வரை என்கிறார்கள். பழைய கணக்கு பரவாயில்லை!

ஒரு மூச்சுக்குச் சுமார் அரை லிட்டர் காற்று. 21,600 மூச்சுக்கு 10,800 லிட்டர். உங்கள் மாடியில் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதல்லவா? அதைப் போல கிட்டத்தட்ட பதினோரு தொட்டி காற்று தினமும் நம் மூக்கு வழியே போய் வருகிறது.

இன்னொரு பழைய கணக்கும் உண்டு. வெளியே போகும் மூச்சு 12 அங்குலம், உள்ளே திரும்புவது 8 அங்குலம், 4 அங்குலம் நஷ்டம் என்று யோக நூல்கள் சொல்லும். அவர்கள் சொன்னது பிராண நஷ்டத்தை. நீராவியைத்தான் சொன்னார்கள் என்று நான் முட்டுக் கொடுக்கப் போவதில்லை. அப்படி வலிந்து பொருள் சொல்வது நம் சாஸ்திரத்துக்கே மரியாதை இல்லை. ஆனால், விடுகிற மூச்சில் ஏதோ ஒன்று திரும்பி வராமல் போகிறது என்று கவனித்தார்கள் பாருங்கள், அதை மெச்சத்தான் வேண்டும்.

நுரையீரலின் கடைசிச் சிற்றறைகளில் இருக்கும் காற்று எப்போதும் 37 டிகிரி சூட்டில், ஈரத்தால் முழுக்க நிறைந்து இருக்கும். அந்த நிலையில் ஒரு லிட்டர் காற்றில் 44 மில்லிகிராம் நீராவி இருக்கிறது. வெளிக்காற்று அப்படி இருக்காது. 25 டிகிரியில் பாதி ஈரமுள்ள அறைக் காற்றை எடுத்துக்கொண்டால், லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம்தான். மீதி 33 மில்லிகிராமை யார் தருவது? நம் மூக்கும் தொண்டையும் மூச்சுக்குழலும்தான் தருகின்றன. அதுவும் காற்று உள்ளே போகிற அந்த ஒன்றிரண்டு விநாடிக்குள்!

மூக்கு என்கிற சிக்கனக்காரி

தந்ததெல்லாம் அப்படியே போய் விட்டால் கதி என்ன? இங்கேதான் மூக்கின் சாமர்த்தியம்.

மூக்கை வெறும் இரண்டு துளை என்று நினைத்து விடாதீர்கள். உள்ளே ஒவ்வொரு பக்கமும் மூன்று சுருள் எலும்புகள், மேலே ஈரமான சவ்வு, சவ்வுக்குள் ரத்தக் குழாய்கள் நெருக்கமாக. காற்று அவற்றை உரசிக்கொண்டுதான் உள்ளே போக முடியும். போகும்போது சவ்வு காற்றுக்குச் சூடும் ஈரமும் கொடுக்கிறது. கொடுத்ததால் சவ்வு குளிர்ந்து விடுகிறது. அடுத்த விநாடி, உள்ளிருந்து 37 டிகிரியில் ஈரக் காற்று திரும்பி வருகிறது. குளிர்ந்து கிடக்கும் சவ்வின் மேல் படுகிறது. என்ன ஆகும்? கொதிக்கும் குழம்புச் சட்டியின் மூடியில் முத்து முத்தாக நீர் கோத்துக்கொள்கிறதே, அதே கதைதான். காற்றின் ஈரத்தில் ஒரு பகுதி சவ்வில் திரும்பப் படிந்து விடுகிறது. மூக்கு வழியே வெளியேறும்போது மூச்சின் சூடு 32, 33 டிகிரிக்கு இறங்கியிருக்கும்.

கொடுத்ததில் ஏறக்குறைய கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இப்படி வசூலாகி விடுகிறது. வாயால் மூச்சு விட்டால் இந்த வசூல் குறைந்து போகும்.

இவ்வளவு சிக்கனத்துக்குப் பிறகும், மேலே சொன்ன அறைக் காற்றில் ஒரு நாள் முழுக்க இருந்தால் சுமார் கால் லிட்டர் தண்ணீர் மூச்சோடு போகிறது. காற்று உலர உலர இது கூடும். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி சூடு வேண்டும். கணக்குப் போட்டால், உணவுக் கலோரியில் சுமார் 150 முதல் 200 வரை மூச்சு வழியே போய் விடுகிறது. மூன்று நான்கு இட்லியின் சக்தி என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

இந்த வித்தையில் நம்மை விடக் கெட்டிக்காரர் ஒட்டகம். நட் ஷ்மிட்-நீல்சன் என்ற உயிரியல் அறிஞர் 1950-களில் சகாரா பாலைவனத்துக்கே போய் ஒட்டகங்களை ஆராய்ந்தார். தண்ணீர் இல்லாமல் வறண்டிருக்கும் ஒட்டகம், இரவில் தன் மூச்சை வெளிக்காற்றின் குளிர் வரைக்கும் ஆற வைத்து, ஈரத்தைப் பிழிந்து எடுத்துக்கொண்டுதான் வெளியே விடுகிறது என்று அவரும் கூட இருந்தவர்களும் 1981-இல் எழுதினார்கள். நம் தெரு நாய் இதற்கு நேர் எதிர். அக்னி நட்சத்திரத்தில் கோயில் மண்டப நிழலில் நாக்கைத் தொங்கப் போட்டு இரைக்கிறதே, அது மூக்கால் இழுத்து வாயால் விட்டு, வேண்டுமென்றே ஈரத்தைச் செலவழித்து உடம்பைக் குளிர வைத்துக்கொள்கிறது. நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்கும் வசதி அதற்கு இல்லை.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். பளபளவென்று துலக்கிய எவர்சில்வர் தட்டை மூக்குக்குக் கீழே பிடித்து மூச்சு விடுங்கள். இரண்டு பனித் திட்டுகள் தெரியும். ஒன்று பெரியது, ஒன்று சின்னது. சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் பலருக்கு மாறியிருக்கும்! இரண்டு பக்கச் சவ்வும் முறை வைத்து வீங்கித் தணிவதுதான் காரணம். கைசர் என்ற ஜெர்மானிய டாக்டர் 1895-இல் இதை எழுதினார். நம் சர நூல்கள் இடகலை, பிங்கலை என்று எப்போதோ பேசி விட்டன. ஒரு பக்கம் உழைக்க, மறு பக்கம் ஈரம் சேர்த்துக்கொண்டு இளைப்பாறுகிறது என்பது இன்று பலரும் சொல்லும் விளக்கம். ஆகவே ஒரு பக்கம் லேசாக அடைத்திருக்கிறது என்பதற்காக மூக்கடைப்புச் சொட்டு மருந்தை எடுத்து ஊற்றிக்கொண்டே இருக்காதீர்கள். அந்தச் சொட்டு மருந்தை வாரக் கணக்கில் போட்டால், அடைப்பே நிரந்தரமாகி விடும்.

ஓடுகிறவனுக்கு என்ன ஆகிறது?

இப்போது நம் போலீஸ் தம்பியிடம் வருவோம். சீருடைப் பணியாளர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு ஏழெட்டு லிட்டர் காற்று போதும். அந்த வேகத்தில் ஓடினால் 80 லிட்டர், அதற்கு மேலும் வேண்டும். மூக்கு தாங்காது. நிமிடத்துக்கு 35, 40 லிட்டரைத் தாண்டும்போதே வாய் தானாகத் திறந்து கொள்ளும். சிக்கனக்காரியை ஒதுக்கி விட்டு, கஜானாவைத் திறந்து விட்ட மாதிரி!

அப்படியானால் 7 நிமிடத்தில் எவ்வளவு தண்ணீர் போகும்? நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்துப் பதினைந்து மில்லி. இரண்டு மூன்று டீஸ்பூன்தான். "இதுக்குப் போயா?" என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால், மூச்சுக்குழல்களின் உள் சுவரைப் பூசியிருக்கும் திரவம் இருக்கிறதே, அது மயிரிழையை விட மெல்லியது. பெரிய குழல் தொடங்கி முதல் பத்துக் கிளைப் பிரிவு வரை உள்ள திரவத்தை எல்லாம் சேர்த்தாலும் ஒரு மில்லி தேறாது. அந்தச் சின்னக் கையிருப்பிலிருந்துதான் விநாடிக்கு விநாடி எடுத்துக் கொடுத்து, விநாடிக்கு விநாடி நிரப்பிக்கொள்ள வேண்டும். எடுப்பது வேகமாகி, நிரப்புவது பின்தங்கினால்? மீதமிருக்கும் திரவம் உப்புக் கூடிக் கெட்டியாகிறது. ரசம் சுண்டினால் கரிக்கிறதல்லவா, அப்படி. அந்த உப்புக் கரிப்பு, சுவரில் இருக்கும் சில செல்களைச் சீண்டி விடுகிறது. அவை ஹிஸ்டமின் போன்ற சரக்குகளைக் கொட்டுகின்றன. மென்மையான மூச்சுக்குழல் உள்ளவர்களுக்கு, குழலைச் சுற்றியுள்ள தசை இறுகி, வழி சுருங்குகிறது. இருமல், இழுப்பு, நெஞ்சைக் கவ்வும் உணர்ச்சி. ஓடி நின்ற ஐந்து முதல் பத்து நிமிடத்தில் உச்சத்துக்குப் போய், அரை மணி, ஒரு மணி நேரத்தில் தணியும்.

ஈரம் குறைவதுதான் முக்கியம் என்று ஆஸ்திரேலியாவின் சான்ட்ரா ஆண்டர்சன் பல ஆண்டுகள் வாதாடினார். இல்லை, குழல் குளிர்ந்து பிறகு திடீரென்று சூடேறுவதுதான் காரணம் என்றார் அமெரிக்காவின் மெக்ஃபேடன். மெக்ஃபேடன் குழுவினர் 1985-இல் ஒரு காரியம் செய்தார்கள். மெல்லிய வெப்பமானிகளை மனிதர்களின் மூச்சுக்குழலுக்குள்ளேயே இறக்கி அளந்தார்கள். பனி உறையும் காற்றை வேக வேகமாக மூச்சு வாங்கியபோது, மூச்சுக்குழலின் மேல் பகுதி ஏறக்குறைய 20 டிகிரி வரை குளிர்ந்து போனதாம்! இன்றைக்குப் பெரும்பாலோர் ஈரத்தையே முதல் குற்றவாளி என்கிறார்கள், குளிர் அதற்குத் துணை. ஸ்வீடன், நார்வே நாட்டுப் பனிச்சறுக்கு ஓட்ட வீரர்களிடம் மூச்சிரைப்பு அதிகம் காணப்படுவதும், ஈரக் காற்று மிதக்கும் நீச்சல் குளத்தில் இந்த நோயாளிகள் அவ்வளவாகச் சிரமப்படாததும் இதோடு பொருந்தி வருகின்றன.

பையனின் அம்மாவுக்கு ஒரு நியாயமான சந்தேகம். "பனி சொட்டச் சொட்ட ஓடுறான். காத்துல ஈரத்துக்கு என்னங்கய்யா குறைச்சல்?"

நல்ல கேள்வி. பனிக் காற்று கைக்கு ஈரமாகத்தான் இருக்கும். ஆனால், குளிர்ந்த காற்றால் அதிக நீராவியைச் சுமக்க முடியாது. 20 டிகிரியில் முழுக்க நிறைந்த விடியற்காலைக் காற்றில் லிட்டருக்குச் சுமார் 17 மில்லிகிராம் ஈரம். மத்தியானம் 33 டிகிரியில், பாதி ஈரம் மட்டுமே உள்ள காற்றில் சுமார் 18. அதாவது பனி பெய்யும் விடியலும், உலர்ந்ததாகத் தோன்றும் மத்தியானமும் மூச்சுக்குழலுக்கு ஈரக் கணக்கில் ஏறத்தாழ ஒன்றுதான். இரண்டுமே 44-க்கு வெகு கீழே. விடியலில் குளிர் வேறு சேர்ந்து கொள்கிறது. போதாததற்கு இவன் ஓடுவது ஜல்லி லாரிகள் போகிற ரோட்டில். மூக்கு வடிகட்டாத தூசி, வாய் வழியே நேராக உள்ளே!

பையனை அன்றே பாண்டிச்சேரியில் எனக்குத் தெரிந்த ஒரு நெஞ்சக டாக்டரிடம் அனுப்பினேன். அவர் ஊதிப் பார்க்கும் கருவியில் ஊதச் சொன்னார், 480. மைதானத்தில் ஓட விட்டு, பத்து நிமிடம் கழித்து ஊதச் சொன்னார், 350. கால் பங்குக்கு மேல் இறக்கம். பதினைந்து சதவீதம் இறங்கினாலே சந்தேகப்பட வேண்டும்.

மருந்தும் பழக்கமும்

ஓடுவதற்குப் பதினைந்து நிமிடம் முன்னால் இழுத்துக்கொள்ள ஒரு பம்பு மருந்து, தினசரிக்கு ஒன்று என்று அவர் எழுதிக் கொடுத்தார். "பம்பு பழகிடுமே அய்யா! நீங்க சித்த வைத்தியர், நீங்களே இதைச் சொல்றீங்களே?" என்றார் அந்த அம்மா. சொல்லத்தான் வேண்டும். இறுகிய குழலை ஐந்து நிமிடத்தில் திறக்க ஆடாதோடையால் ஆகாது. ஆடாதோடை, தூதுவளை, தாளிசாதி சூரணம் எல்லாவற்றுக்கும் தங்கள் வேலை உண்டு. நான் கொடுக்கவும் செய்கிறேன். ஆனால், பம்பை நிறுத்தி விட்டு இதைச் சாப்பிடு என்று எந்த வைத்தியர் சொன்னாலும், அது நானாகவே இருந்தாலும், கேட்காதீர்கள்.

ஓட்டப் பழக்கத்தை மட்டும் கொஞ்சம் மாற்றினோம். எடுத்த எடுப்பில் ஓடாமல், பத்துப் பதினைந்து நிமிடம் நடை, மெதுவோட்டம், நடுநடுவே சின்னச் சின்ன வேக ஓட்டம். இப்படி உடம்பைச் சூடேற்றிக்கொண்டால் பலருக்கு அடுத்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு இழுப்பு குறைவாக வரும். அந்த மெதுவோட்டம் முழுக்க மூக்கு மூச்சுதான். ஓடி முடித்ததும் சட்டென்று உட்காராமல் நடந்து ஆற வேண்டும். அப்போது ஒரு பருத்தித் துண்டை வாய் மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொள்ளச் சொன்னேன். விட்ட மூச்சின் ஈரம் துணியில் தங்கி, அடுத்த மூச்சுக்கு உதவும். ஏழைக்கு ஏற்ற செயற்கை மூக்கு! விளையாட்டாகச் சொல்லவில்லை. தொண்டையில் துளையிட்டு மூச்சு விடுகிறவர்களுக்கு மூக்கின் உதவியே கிடையாது, சளி பிசினாகிக் குழாயை அடைத்து விடும். அவர்களுக்கு ஆஸ்பத்திரியில் பொருத்தும் கருவி ஒன்றுக்குச் 'செயற்கை மூக்கு' என்றே பெயர். இந்தத் துண்டின் தத்துவம்தான் அதிலும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை இரண்டு மூன்று.

ஏ.சி. அறை. 24 டிகிரியில் ஓடும் ஏ.சி., காற்றின் ஈரத்தை உறிஞ்சி, வெளியே குழாயில் சொட்டச் சொட்டக் கொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அதில் வாயைப் பிளந்து தூங்கும் குழந்தைக்குக் காலையில் தொண்டை காய்ந்து கரகரக்கும். 26, 27-இல் வைத்து மின்விசிறியைப் போடுங்கள். ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்தால் போதும் என்பார்கள், அதனால் பெரிய பலன் இல்லை. குழந்தை தினமும் வாயால்தான் மூச்சு விடுகிறது, குறட்டையும் விடுகிறது என்றால் ஏ.சி.யைத் திட்டுவதை விட்டு விட்டு, மூக்குக்குப் பின்னால் அடினாய்டு சதை வளர்ந்திருக்கிறதா என்று காது-மூக்கு-தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள்.

ஆவி பிடித்தல். இது போன ஈரத்தையும் சூட்டையும் சவ்வுக்குத் திருப்பிக் கொடுக்கிறது, சளி இளகுகிறது. அவ்வளவுதான் அதன் மகிமை. 2021 மே மாதம் கொரோனா இரண்டாம் அலையின்போது தமிழ்நாட்டில் பல ஊர்களில் பொது இடத்தில் குழாய் வைத்து, கூட்டமாக ஆவி பிடித்தார்கள். தொற்று பரவும், பொது இடத்தில் வேண்டாம் என்று அரசு எச்சரிக்க வேண்டி வந்தது. ஆவி கிருமியைக் கொல்லாது. கொல்லும் அளவு சூடு போனால் சவ்வுதான் முதலில் வெந்து போகும்! நொச்சி இலை போட்டு வீட்டில் பிடியுங்கள், ஐந்து நிமிடம் போதும். பாத்திரம் ஸ்டூலின் மேல் வேண்டாம், தரையில் அசையாமல் இருக்கட்டும். சின்னக் குழந்தையைப் போர்வைக்குள் அடைத்துப் பிடிக்க வைக்கவே வேண்டாம். கொதிநீர் கவிழ்ந்து தொடை வெந்த குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன்.

மூக்கில் எண்ணெய். நசியம் எங்கள் வைத்தியத்தில் உள்ளதுதான். ஆனால் அது வைத்தியர் பார்த்து, பெரியவர்களுக்குச் செய்வது. எண்ணெய்க் குளியல் அன்று பச்சைக் குழந்தைக்கு மூக்கில் எண்ணெய் விட்டு ஊதும் வழக்கம் நம் பக்கத்தில் இன்னமும் இருக்கிறது. அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி, எளிதில் ஆறாத ஒரு வகை நிமோனியா வரும். பாட்டி கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, விடாதீர்கள். மூக்கு காய்ந்து பொருக்குத் தட்டினால் மருந்துக் கடையில் கிடைக்கும் உப்பு நீர்ச் சொட்டு போதும்.

சீதளி பற்றியும் கேட்பார்கள். நாக்கைச் சுருட்டிக் காற்றை இழுக்கும்போது நாக்கின் ஈரம் ஆவியாகி ஜில்லென்று இருப்பது உண்மை. உடம்புச் சூடே இறங்கி விடும் என்பது மிகை. அதில் மூக்கின் வடிகட்டல் கிடையாது. ஆகவே தூசியுள்ள இடத்தில், இழுப்பு உள்ளவர்கள் செய்யக் கூடாது.

பங்குனி உத்திரத்துக்கு மலையேறும் பக்தர்களுக்கு ஒரு வார்த்தை. 40 டிகிரி வெயிலில் மூக்கு, காற்றைச் சூடேற்றுவதற்குப் பதில் ஆற வைக்கும் வேலையைச் செய்கிறது. அதற்கும் ஈரம் வேண்டும். படியில் வாயால் மூச்சு வாங்க ஆரம்பித்து விட்டால், நின்று விடுங்கள். மூக்கால் மூச்சு விட முடிகிற நிலைக்கு வந்த பிறகு அடுத்த படி. முருகன் எங்கேயும் போய் விட மாட்டான்.

போன வாரம் அந்தத் தம்பி வந்திருந்தான். இப்போது லாரி ரோட்டை விட்டு விட்டு, பள்ளிக்கூட மைதானத்தில் ஓடுகிறான். "பிராக்டீஸ்ல 6 நிமிஷம் 20 செகண்டுங்கய்யா" என்றான். செலக்‌ஷன் இனிமேல்தான். பம்பில் மருந்து எவ்வளவு பாக்கி என்று எப்படிப் பார்ப்பது, ஓடுகிற அன்றைக்குத் தீர்ந்து போய் விட்டால் என்ன செய்வது என்று கேட்டான். பின்பக்கத்தில் எண்ணிக்கை தெரியும் பம்பாக வாங்கச் சொல்லி, கையில் ஒன்றுக்கு இரண்டாக வைத்துக்கொள் என்று அனுப்பினேன்.